நாலு சுவிட்சு வீடு

மர்ஜானின் மகன் அல்மாட்டியில் புது வீடு வாங்கிக் குடிபோனபோது, வந்தவர்களுக்கெல்லாம் முதலில் காட்டியது வீட்டை அல்ல, தன் கைபேசியை. அதை ஒரு தடவு தடவினால் கூடத்தில் பாட்டு வரும். இன்னொரு தடவு தடவினால் அதே பாட்டு சமையலறைக்குப் போய்விடும். கூடத்து டிவியில் ஓடும் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை மாடியில் படுத்துக்கொண்டு பார்க்கலாம். ஒலிபெருக்கியெல்லாம் கூரைக்குள் புதைத்திருக்கிறார்களாம், கண்ணுக்கே தெரியாது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மர்ஜான் மட்டும் மாவு பிசைந்துகொண்டே, எங்கள் வீட்டில் இதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்பே இருந்தது என்றாள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று மகன் சிரித்தான்.

அவள் சொன்னது சத்தியம். கைபேசிதான் இல்லை. அதற்குப் பதிலாக மாமனார் இருந்தார்.

அவர் பெயர் ஓமிர்சாக். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் மர்ஜான் இன்றுவரை சொன்னதில்லை. நாம் சொல்லலாம், நமக்கென்ன. தராஸ் நகரம் அப்போது ஜம்பூல் என்ற பெயரில் இருந்தது. அங்கே வீடு வீடாகச் சுவரில் தொங்கிய கம்பி ரேடியோவுக்கு ஒயர் இழுக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊருக்கெல்லாம் இழுத்த கை சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற மறு வாரமே தன் வீட்டுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

வீடு என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து கதவுகள். நடுவில் அவரும் மனைவி குல்பாஷும் இருந்த பெரிய வீடு. ஒரு பக்கம் தனிச் சமையற்கட்டு. மற்ற மூன்றும் மகன்களுக்குக் கல்யாணமாக ஆக, ஒவ்வொன்றாக அவரே செங்கல் அடுக்கிக் கட்டிய வீடுகள். மூத்தவன் சபிர்ஜான், நடுவன் குவானிஷ், கடைசி யெர்கின். யெர்கினின் மனைவிதான் மர்ஜான்.

கட்டியவர் அவர்தான் என்றாலும், மருமகள் வந்து குடியேறிய நாளிலிருந்து அந்த வீட்டுப் படியை அவர் மிதிக்க மாட்டார். மகனும் மருமகளும் புழங்கும் அறைக்குள் மாமனார் தலையை நீட்டினார் என்றால் ஊர் காறித் துப்பும். ஏதாவது வேண்டுமானால் முற்றத்தில் நின்று இருமுவார். அந்த இருமலிலேயே வகை உண்டு: டீக்கு ஒன்று, மகனைக் கூப்பிட ஒன்று, யார் கதவு திறந்து கிடக்கிறது என்று சொல்ல ஒன்று. மருமகள்கள் மூவரும் அதையெல்லாம் பிரித்துத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அவர் போக முடியாத இடத்துக்கு ஒயர் போயிற்று. பெரிய வீட்டில் அவர் கட்டிலுக்கு மேலே ஒரு பலகை, அதில் நாலு சுவிட்சு. மகன்கள் வீட்டுக்கு மூன்று, சமையற்கட்டுக்கு ஒன்று. விடிந்ததும் நாலையும் தட்டிவிடுவார். தேசிய கீதம் நாலு கூரைக்கடியிலும் ஒரே நேரத்தில் முழங்கும். மருமகள் எவளும் தூங்கிவிட்டேன் என்று சாக்குச் சொல்ல முடியாது. சத்தத்தைக் குறைக்கும் குமிழைப் பெட்டிகளில் வைக்கவே இல்லை அந்த மனிதர். குறைக்கிற உரிமை தன் பலகைக்கு மட்டும்தான் என்று நினைத்தார். கதைகள் சொல்வார், வானிலை சொல்வார், ஆடு தொலைந்தால் ஆட்டைப் பற்றிச் சொல்வார், எல்லாம் ஒரு பழைய மைக் வழியாக. சபிர்ஜான் பெரிய லாரியோட்டி, ஆள் கதவளவு இருப்பான். அவனே அப்பாவிடம் வாய் திறக்கப் பயந்து, தன் பெட்டிக்குள் கம்பளித் துண்டை அடைத்து வைத்திருந்தான்.

பிறகு விடியோப் பெட்டி வந்தது. சபிர்ஜான் எங்கோ தூரப் பயணம் போய்ச் சாமான் இறக்கிவிட்டு வரும்போது கொண்டுவந்த ஜப்பான் பெட்டி. மகன்களுக்கு அதைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள ஆசை. யார் வீட்டில் வைத்தாலும் மற்ற இருவர் முகம் சுருங்கும் என்று, பெரியவர் அதைத் தன் கட்டிலருகே வைத்து, பின்னல் துணி போட்டு மூடி, அதிலிருந்தும் மூன்று வீட்டு டிவிக்கும் ஒயர் இழுத்துவிட்டார். அவர் டிவியில் மட்டும் கலராகத் தெரியும். மற்ற வீட்டு டிவிகளுக்கு அந்தப் பெட்டியின் கலர் பிடிபடாமல் எல்லாம் சாம்பல் நிறம். சமையற்கட்டில் டிவி இல்லை, சத்தம் மட்டும். அவர் எதைப் போடுகிறாரோ அதைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும். அவர் மல்யுத்தம் போட்டால் மருமகள்கள் மல்யுத்தம் பார்த்தார்கள். மர்ஜானுக்கு இன்றைக்கும் நாலைந்து பிடிகளின் பெயர் தெரியும்.

மர்ஜானின் கல்யாணம் அந்த வருஷ இலையுதிர் காலத்தில் நடந்தது. விக்டர் என்ற ஜெர்மன்காரன், அதே தெருவில் பிறந்து வளர்ந்தவன், கேமராவைத் தோளில் தூக்கி வந்து முழுக்கப் படம் பிடித்துக் கொடுத்தான். குல்பாஷ் அம்மா படத்தின் முதல் பாதி முழுக்க இருந்தாள். வாசலில் நின்று மணமகள் தலையில் மிட்டாய் இறைத்தாள், அதைப் பொறுக்க வந்த பிள்ளைகளை விரட்டினாள், முகத்திரை விலக்கும்போது பாட்டுக்காரர் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சி அழுதாள், ஓடிப்போய் மருமகளின் காதில் என்னமோ சொன்னாள். அடுத்த வசந்தத்தில் செத்துப்போனாள். காலையில் பால் கறந்தவள், மத்தியானம் தலை வலிக்கிறது என்று படுத்தாள், அவ்வளவுதான்.

அவள் நடமாடும் படம் அந்த ஒரு டேப்பில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் செத்தவர்களை நினைத்து எண்ணெயில் ஷெல்பெக் ரொட்டி பொரித்து, ஓதி, பங்கிட்டுத் தின்று முடித்ததும், பெரியவர் பெட்டிக்குள் அந்த டேப்பைத் தள்ளி நாலு சுவிட்சையும் தட்டுவார். வாராவாரம். நாலு கூரைக்கடியிலும் குல்பாஷ் அம்மா மிட்டாய் இறைத்தாள். தன் கல்யாணத்தைத் தானே வாராவாரம் சாம்பல் நிறத்தில் பார்ப்பது என்ன சுகம் என்று மர்ஜானுக்குத்தான் தெரியும். முதல் மாதம் அழுதாள். அப்புறம் அலுத்தது. சொன்னால் பாவம், ஆனால் அலுக்கத்தான் செய்தது. அந்தக் காட்சி வரும்போது காலுறை தைத்துக்கொண்டிருப்பாள், தலை நிமிர மாட்டாள்.

அந்தக் கார்த்திகைக் குளிரில் டிவியில் ஒரு இந்திப் படத்தை இரண்டு பாகமாகப் போட்டார்கள். முதல் பாகம் முடிந்தபோது கதாநாயகியை மாமியார் வீட்டை விட்டே துரத்தியிருந்தார்கள். மருமகள்கள் மூவரும் வாரம் முழுக்க அதையே பேசினார்கள். இரண்டாம் பாகம் வரும் ஞாயிறு பார்த்தா பெரியவருக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து விருந்தாளிகள் வர வேண்டும்? மூத்த ஓரகத்தி ஷோல்பான் யோசனைக்காரி. காலி டேப் ஒன்றைக் காலையிலேயே பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டதாகவும், பெரிய வீட்டைக் கூட்டப் போகும்போது படம் ஆரம்பிக்கிற நேரத்துக்கு மர்ஜான் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு வந்தால் போதும் என்றும் சொன்னாள்.

மர்ஜான் கூட்டினாள், பொத்தானை அமுக்கினாள், துணியை மூடிவிட்டு வந்தாள். இடையில் நடந்தது அவளுக்குத் தெரியாது. விருந்தாளிகளை எதிர்கொள்ளக் கிளம்புமுன் பெரியவர் பெட்டிக்குள் இருந்த வேற்று டேப்பை எடுத்து அலமாரியில் எறிந்துவிட்டு, மனைவியின் டேப்பைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெட்டி அவளில்லாமல் இருப்பது அவருக்குப் பிடிக்காது. டேப்பின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதுவும் பதியாது. அதை உடைத்து வைக்கும்படி அவர் சொல்லியிருந்தது குவானிஷிடம், குவானிஷ் சொன்னது யெர்கினிடம், யெர்கின் மறந்தது வழக்கம்போல.

விருந்தாளிகளை பஸ் ஏற்றிவிடப் பெரியவர் போனதும் மூவரும் ஷோல்பான் வீட்டில் கூடிவிட்டார்கள். குவானிஷ் பெரிய வீட்டில் டேப்பை ஓட்டிவிட்டு வந்தான். படம் பிரமாதமாக இருந்தது. துரத்தப்பட்டவளைத் திரும்ப அழைத்து வந்தார்கள், மாமியாரே அவள் காலில் விழாத குறை, எல்லோரும் சேர்ந்து ஆடினார்கள். மூன்று பெண்களும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள். படம் முடிந்தது. திரை ஒரு துள்ளு துள்ளியது. அதற்கப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு பந்தி தெரிந்தது. யெர்கினின் சித்தப்பா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அது மர்ஜானின் கல்யாணப் பந்தி.

பெரிய வீட்டுக்கு ஓடினார்கள். முன்னே ஓட்டிப் பார்த்தார்கள், பின்னே ஓட்டிப் பார்த்தார்கள். மிட்டாய் இறைத்தது இல்லை, முகத்திரை இல்லை. மிச்சம் இருந்தது பந்தி மட்டும். குல்பாஷ் அம்மா அதில் எங்குமே இல்லை, அவள் அப்போது அடுப்படியில் இருந்திருப்பாள். இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மாமியாரை இரண்டாம் தடவை சாகடித்துவிட்டேன் என்று மர்ஜான் நினைத்தாள். அதை வாய்விட்டும் சொன்னாள். ஷோல்பான் அவளைக் கட்டிக்கொண்டு, அமுக்கச் சொன்னவள் நான்தானே என்றாள்.

விக்டரிடம் வேறு பிரதி இருக்குமா என்று குவானிஷ் ஓடினான். விக்டர் குடும்பத்தோடு ஜெர்மனிக்கே போய்விட்டான். வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். கடைசியில் சபிர்ஜான், நெற்றி வியர்க்க வியர்க்க யோசித்து, ஒரு தீர்ப்புச் சொன்னான். பலகைக்குப் பின்னால் ஒரு இணைப்பைத் தளர்த்திவிடுவது. வெள்ளிக்கிழமை எந்த டிவியிலும் படம் வராது. ஒயரில் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஒரு மாதம், இரண்டு மாதம் போனால் அப்பா மறந்துவிடுவார். அவன் அப்பாவை அவன் அவ்வளவுதான் புரிந்து வைத்திருந்தான். ஆனால் வேறு வழியும் யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியவர் டேப்பைத் தள்ளினார், சுவிட்சுகளைத் தட்டினார். டிவியில் வெறும் பூச்சிதான் பறந்தது. ஒயராக இருக்கும் என்று சபிர்ஜான் வாசலிலிருந்தே சொன்னான். இருக்கும் என்றார் அவரும். மறுநாள் காலை பழைய துணிப் பையைத் தேடி எடுத்தார், குறடு, டெஸ்டர், கறுப்பு நாடா எல்லாம் இருந்த பை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மூத்த மகன் வீட்டு வாசலில் நின்று இருமினார். இது புது இருமல். ஷோல்பானுக்கு என்ன வகை என்றே புரியவில்லை. ஒயர் பார்க்க வந்திருக்கிறேன் என்றார். மாமனார் உள்ளே வரக் கூடாது, சரி. ஒயர்காரர் வரலாமா கூடாதா? ஷோல்பான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வழி விட்டாள்.

ஷோல்பான் வீட்டில் நாலு நாள் வேலை பார்த்தார். சுவரோரமாக ஒயரைத் தொட்டுக்கொண்டே போவார், ஒரு இடத்தில் நின்று டெஸ்டர் வைப்பார், உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டுவார், மறுபடி தொடுவார். ரேடியோப் பெட்டியைக் கழற்றியபோது கம்பளித் துண்டு வெளியே விழுந்தது. பெரியவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தூசி தட்டினார், இருந்த இடத்திலேயே நேர்த்தியாக மடித்து அடைத்து, பெட்டியை மூடினார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, என்றும் பேசவில்லை.

குவானிஷ் வீட்டில் வேறு கூத்து. அங்கே டிவியே போன கோடையிலிருந்து செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் இருட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்து, பார்த்தோம் அப்பா என்று சொல்லி வந்திருக்கிறார்கள். பெரியவர் ஒரு வாரம் முக்கி முனகி அதைச் சரிசெய்தார். அங்கே இரண்டாவது குழந்தை வரப்போகிறது என்பதும் அந்த வாரம்தான் அவருக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஐந்து மாதமாகத் தெரியும்.

மகன்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். இல்லாத கோளாறை ஒருவர் எவ்வளவு நாள் தேடுவார்? ஆனால் யாருக்கும் நிறுத்தச் சொல்லத் தைரியம் இல்லை. சொன்னால் டேப்பைச் சொல்ல வேண்டும்.

பிறகு மர்ஜானின் முறை. உள்ளே பார்த்து முடித்ததும், பெரிய வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒயர் போவது கூரை வழியாக என்று ஏணியைச் சாத்தினார். இரவு பெய்த பனி கூரையில் உறைந்திருந்தது. யெர்கின் வேலைக்குப் போயிருந்தான். மர்ஜான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே அவர் மூச்சு வாங்குவது கீழே கேட்டது. அறுபத்தெட்டு வயது மனிதர், வெறுங்கையால் உறைந்த ஒயரைத் தடவித் தடவிப் போகிறார், தன் கைவேலையில் எங்கோ பிழை என்று. இது தன்னால்தான் என்று நினைத்தபடி அவள் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். திடீரென்று அவர் கால் வழுக்கியது. ஒரு ஓடு சரிந்து அவள் காலடியில் விழுந்து நொறுங்கியது. அவர் புகைக்கூண்டைப் பிடித்துக்கொண்டு தொங்கிய மாதிரி நின்றார்.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மர்ஜான் அவரிடம் சலாம் தவிர நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதையும் யெர்கின் மூலமாகத்தான் சொல்வாள், அல்லது சுவரைப் பார்த்துச் சொல்வாள். இப்போது அண்ணாந்து, அவர் முகத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அத்தா, எறங்குங்க. ஒயர்ல ஒண்ணும் இல்ல."

அவர் இறங்கினார். மெதுவாக, படிப்படியாக. கை நீலம் பாரித்திருந்தது. அவள் அவரை உள்ளே கூட்டிப்போய் அடுப்பருகே உட்கார வைத்து, பால் கலந்த டீயைக் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றினாள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். அவர் அதைக் கவனித்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புப் பொத்தான், படம், பந்தி, பலகைக்குப் பின்னால் தளர்த்திய இணைப்பு. ஷோல்பான் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். சொல்லி முடித்தபோது அழுகை வந்துவிட்டது.

பெரியவர் டீயைக் குடித்து முடித்தார்.

"தெரியும்மா. அன்னிக்கே தெரியும். நீங்கல்லாம் போனதும் பெட்டிலேர்ந்து டிவிக்கு நேரா ஒரு ஒயர் குடுத்துப் பாத்தேன். யாரோ ஒரு பொண்ணு வந்தா. அழுதா, ஆடுனா. கடைசியில அவளுக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

மர்ஜானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரிந்துமா இத்தனை நாள், கூரை மேல் எல்லாம் ஏறி, என்று தட்டுத் தடுமாறிக் கேட்டாள்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல், தொட்டில் கட்டப்போகும் வளையம், மடித்து அடுக்கிய மெத்தைகள், காயப்போட்டிருந்த காலுறை.

"இந்தச் செவுத்த நான்தான் வெச்சேன். நீ வந்ததுலேர்ந்து உள்ள வந்ததில்ல. வரக் கூடாது, அது சரிதான். அவ இருந்தப்ப அவ வருவா. எல்லா வீட்டுக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வந்து, ராத்திரி சோத்துக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு விடாம சொல்லுவா. யாருக்கு ஜுரம், யாரு வீட்டுல சண்ட, எவன் என்ன வாங்கினான். இப்ப யாரு சொல்றா? நான் பேசறது எல்லா வீட்டுக்கும் போகுது. இங்கேர்ந்து ஒண்ணும் எனக்குத் திரும்பி வர்றதில்லம்மா. ஒயர நான் அப்படித்தான் இழுத்து வெச்சிருக்கேன்."

அவள் இன்னொரு கால் கிண்ணம் ஊற்றினாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார். மாமனார் மருமகளிடம் அனுமதி கேட்டு அவள் பார்த்ததில்லை. "அந்தப் படத்துல, தெரைய எடுக்கறப்ப, அவ ஓடி வந்து ஒன் காதுல என்னமோ சொல்லுவா. பாட்டுக்காரன் தொண்டையில ஒண்ணும் காதுல விழாது. எத்தன தடவ பாத்திருப்பேன். சத்தத்த ஏத்தி ஏத்தி வெச்சுப் பாத்தேன். ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா. அழுதுகொண்டிருந்த மர்ஜானுக்கு அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"'காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலல்ல நீ, மயங்கி விழுந்து தொலைக்காத'ன்னாங்க. 'அடுப்படியில பெரிய அண்டாவுக்குப் பின்னாடி குதிரைக் கறி ஒளிச்சு வெச்சிருக்கேன். நாசமாப் போற இந்தப் பாட்டு முடிஞ்சதும் போய்த் தின்னு. கெழவனுக்குத் தெரிய வேணாம்'னாங்க."

பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கறி தீந்து போச்சுன்னாளே எங்கிட்ட. பந்தியில எல்லாரும் தின்னுட்டாங்கன்னு சொன்னா. நான் அன்னிக்கு வெறும் ரொட்டிய மென்னுட்டுப் படுத்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. மர்ஜான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கரியைக் கிளறினாள், கிளற வேண்டிய அவசியம் இல்லாமலே. குல்பாஷ் அம்மா போனதிலிருந்து அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குறட்டையும் நாடாவையும் பைக்குள் போட்டார். சரி, ஒயர் வேலை முடிந்தது என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரு தரம் திரும்பி உள்ளே பார்த்தார். மர்ஜான் இருக்கச் சொல்ல வாயெடுத்தாள். எந்த முறையில் சொல்வது? ஒயரில் கோளாறு இல்லை என்று உரக்கச் சொன்னவளே அவள்தான். அவர் போய்விட்டார்.

அன்று சாயந்திரமே பலகையைச் சரிசெய்துவிட்டார். மகன்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ரொட்டி பொரித்துத் தின்றதும் வழக்கம்போல நாலு சுவிட்சும் தட்டப்பட்டன. இந்திப் படம் ஓடியது, முழுசாக. அதற்குப் பின்னால் பந்தியும் ஓடியது, சித்தப்பா எலும்பு கடித்தார். யெர்கின் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றான்.

அதற்கப்புறம் பழையபடி ஆகிவிட்டது. விடிந்ததும் கீதம். முற்றத்தில் இருமல். மைக்கில் வானிலை. எல்லாம் சரியாக வேலை செய்தது, எந்த வீட்டிலும் ஒரு கரகரப்புகூட இல்லை. அவர் தன் கட்டிலில் உட்கார்ந்து நாளைக்குக் காற்று வடக்கிலிருந்து வீசும் என்று நாலு வீட்டுக்கும் சொன்னார். சொல்லி முடித்த பிறகு சில சமயம் மைக்கை அணைக்க மறந்துவிடுவார். அப்போது மர்ஜானின் வீட்டுப் பெட்டியில் அவர் மூச்சு விடுவது கேட்கும், டீக் கிண்ணம் தட்டில் உரசுவது கேட்கும், வேறு ஒன்றும் கேட்காது. அப்படி ஒரு மத்தியானம், காலுறை தைத்துக்கொண்டே அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்கப் பொறுக்கவில்லை. ஊசியை வைத்துவிட்டு எழுந்தாள். கறி நறுக்கும் கத்தியை எடுத்தாள். ஜன்னலுக்கு மேலே ஒயர் நுழையும் இடத்தில், ஸ்டூல் போட்டு ஏறி, ஒரே வெட்டு.

பிறகு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு பெரிய வீட்டு வாசலில் போய் நின்று, குனிந்து சலாம் செய்தாள்.

"அத்தா, எங்க வீட்டுல சத்தம் வரல. படமும் வரல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நேற்றுவரை வந்ததே என்றார். இப்போது வரவில்லை என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

மர்ஜான் வீட்டில் ஸ்டூல் ஜன்னலடியிலேயே கிடந்தது. அதை எடுத்து வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஏறி, ஒயரின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் ஒயர் இழுத்தவர். நறுக்கென்று, பளபளவென்று இருந்தது அந்த முனை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எலி கடிச்சிருக்கு" என்றார்.

"ஆமாத்தா. பெரிய எலி போல."

"ஒரு எடத்துல கடிச்சா, மத்த எடத்துலயும் கடிச்சிருக்கும். எல்லா வீட்டுலயும் பாக்கணும்."

"பாக்கணும் அத்தா."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி மெத்தையில் உட்கார்ந்து, பையை ஓரமாக வைத்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டார். மர்ஜான் கிண்ணத்தை எடுத்து, அதில் அடி நனையும் அளவுக்கு மட்டும் டீ ஊற்றிக் கொடுத்தாள். குவானிஷ் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டார். அவள் எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.